பெல்மோரலுக்குப் போய் வந்தோம்

2022 செப்டெம்பர் 8ஆம் திகதி இரவு எங்கள் ஏ.எல். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இரண்டாம் எலிசபெத் ராணி பெல்மோரலில் காலமானார். முதல் பதில் போட்டவன் அக்கரப்பத்தனைக்காரன்: "எங்க பெல்மோரல்லயா? எப்ப வந்தாங்க, சொல்லவே இல்ல!"

நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஜோக்கை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஸ்கொட்லாந்தில் இருக்கிற பெல்மோரல், பிரித்தானிய அரச குடும்பம் கோடை கழிக்கிற மாளிகை. அக்கரப்பத்தனையில் இருக்கிற பெல்மோரல், தேயிலைத் தோட்டம். எங்கள் பக்கம் எடின்பரோ இருக்கிறது, கிளாஸ்கோ இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டன்சினன் கூட பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டமாக இருக்கிறது. அந்தக் காலத்துத் துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். வந்த இடத்து மலைகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். எங்கள் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பஸ் போர்டிலும் அவைதான் இருக்கின்றன.

ஸ்கொட்லாந்துப் பெல்மோரலைப் போய்ப் பார்க்க எங்களிடம் விசாவும் இல்லை, காசும் இல்லை. ஆனால் அதைக் கட்டுவித்த விக்டோரியா ராணி வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்தவர் என்று ஒரு வகுப்பில் கேட்டதிலிருந்து எங்களுக்கு ஒரு குறுகுறுப்பு. ஒரு தடவை கூட இந்த நாட்டுக்கு வராத ராணியின் பெயர் நுவரெலியாவில் பூங்காவுக்கு இருக்கிறது. அவருடைய மாளிகையின் பெயர் தோட்டத்துக்கு இருக்கிறது. அவருடைய கலை மட்டும் எங்கே போனது?

இன்னொரு காரணமும் இருந்தது. மலையகத்துப் பெண்களின் படங்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி செய்ய யோசித்துக்கொண்டிருந்தோம். படத்துக்குக் கீழே பெயர் போடுவதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஒரே சண்டை. ஒரு மாசமாகத் தீரவில்லை. இந்த இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டு, போன ஏப்ரல் விடுமுறையில் கலைப்பீடத்து ஆட்கள் ஐந்து பேர் கண்டியிலிருந்து நுவரெலியா பஸ் ஏறினோம்.

போகிற வழியெல்லாம் போனில் ராணியின் படங்களைத்தான் பார்த்தோம். அரச குடும்பத்தின் கலைச் சேகரிப்பை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். விக்டோரியா 8 வயதில், 1827இல், ரிச்சர்ட் வெஸ்டோல் என்ற ஓவியரிடம் வரையப் பழகத் தொடங்கியவர். 1837இல் 18 வயதில் ராணியான பிறகும் விடவில்லை. 1846இல் எட்வர்ட் லியரைக் கூப்பிட்டு 12 பாடங்கள் கேட்டார். வேடிக்கைப் பாட்டுகள் எழுதிய அதே லியர்தான். அவர் 1874இல் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார். லியருக்குப் பிறகு வில்லியம் லீட்டன் லீச் என்பவரிடம் பல வருஷம் நீர்வண்ணம் படித்தார். 1848இல் முதன்முதலாக பெல்மோரலுக்குப் போன ராணிக்கும் கணவர் அல்பேர்ட்டுக்கும் அந்த மலை பிடித்துப்போனது. 1852இல் அதை விலைக்கு வாங்கி, பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது மாளிகை கட்டி 1856இல் முடித்தார்கள்.

அங்கே வரைந்த நீர்வண்ணங்களில் மலைகள்தான் அதிகம். றம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியேயும் மலை, கையில் போனிலும் மலை. மகா ஓவியர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மேகம் இறங்கும்போது மலையின் நிறம் எப்படி மாறும் என்று பார்த்துத் தெரிந்த கண் அது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சாம்பல் நீலத்தை எங்களால் உடனே அடையாளம் காண முடிந்தது.

எங்களை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. ராணி மலையை மட்டும் வரையவில்லை. பிள்ளைகளை வரைந்தார், பணிப்பெண்களை வரைந்தார், மலையில் கூட வந்த வேலைக்காரர்களையும் வரைந்தார். 1868இல் தன்னுடைய நாட்குறிப்பிலிருந்து பகுதிகளை எடுத்து, மலைநாட்டு வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் குதிரை பிடித்தவர், வேட்டைக்கு வழி காட்டியவர் என்று சாதாரண வேலைக்காரர்களுக்கும் அடிக்குறிப்பு இருக்கிறது. பெயர் என்ன, எப்போதிருந்து வேலை பார்க்கிறார், எப்படிப்பட்ட ஆள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஒரு பேரரசி தன் வேலைக்காரருக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்!

இந்தியர்களுக்கும் அப்படித்தான். கடலோரத்தில் அவருக்கு ஒஸ்போர்ன் என்று இன்னொரு கோடைமாளிகை இருந்தது. அதில் 1890களின் தொடக்கத்தில் தர்பார் மண்டபம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் அலங்கார வேலையைச் செய்தவர் பஞ்சாபைச் சேர்ந்த பாய் ராம் சிங். மண்டபத்துக்குப் போகிற நடையில் ருடொல்ஃப் ஸ்வொபோடா வரைந்த இந்தியர்களின் முகங்கள் தொங்குகின்றன. 1886இல் லண்டனில் நடந்த கண்காட்சிக்குக் கூட்டிப்போன கைவினைஞர்களை வரையச் சொன்னது ராணிதான். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பழகிய கைதிகள். பக்ஷிராம் என்ற முதிய குயவரின் முகம் அங்கே பெயரோடு இருக்கிறது. அவரை லண்டனுக்குக் கொண்டுபோன விதம் நியாயமா என்பது வேறு கேள்வி. படத்தில் இருப்பவர் யார் என்று இன்றைக்கும் தெரிகிறது.

நுவரெலியாவில் இறங்கியதும் நேரே விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். ஹக்கல தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சித் தோட்டமாக இருந்த இடம் இது. 1897இல் ராணி அரியணை ஏறி 60 வருஷம் ஆன வைர விழாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஏப்ரல் சீசன் என்பதால் பூவைவிட மனிதர்கள் அதிகம். அதற்குப் பிறகு, 'குயின்ஸ் கொட்டேஜ்' கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். காலனிக் காலத்தில் கொழும்பு வெக்கை தாங்காத ஆளுநர்கள் வந்து தங்கிய வீடு அது. பிறகு ஜனாதிபதி மாளிகை ஆனது. ராணியே வராவிட்டாலும், ராணியின் ஆட்கள் கோடை கழிக்க ஒரு குட்டி பெல்மோரல். இந்த ஊரே அப்படி ஆக்கப்பட்ட ஊர்தானே. குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், ஏரி எல்லாமே யாரோ இளைப்பாறுவதற்கு. இளைப்பாறியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கைகளைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி இல்லை.

கடைசியாக அந்தச் சிவப்புச் செங்கல் தபாலகம். 1894இல் கட்டியது. சுற்றுலா வருகிறவர்கள் இன்றைக்கும் இங்கிருந்து தபாலட்டை போடுகிறார்கள். பக்கத்துக் கடை ஒன்றில் அட்டைகளைச் சுழலும் தாங்கியில் அடுக்கி வைத்திருந்தார்கள். அருவி, ரயில், யானை, பிறகு கூடை மாட்டிய ஒரு பெண். அட்டைக்குப் பின்னால் 'தேயிலை பறிக்கும் பெண், சிலோன்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவ்வளவுதான். யானையின் அட்டையில் அது எந்தச் சரணாலயம் என்றாவது போட்டிருந்தது.

இது இன்றைக்கு நேற்றைக்குத் தொடங்கியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். கோப்பி நோயில் அழிய, மலை முழுக்கத் தேயிலை பரவியது. 1890இல் லிப்டன் வந்தார். அவருடைய விளம்பரங்களில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண் உலகம் முழுக்கப் போனாள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் எடுத்த படங்கள் தபாலட்டைகளாகக் கப்பலேறின. 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்', 'கொழுந்து பறிப்போர்'. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அட்டைகள் இன்றும் ஏலத்தில் விற்பனையாகின்றன. வாங்குகிறவருக்கு எடுத்தவர் பெயர் தெரியும், ஸ்டூடியோ பெயர் தெரியும். படத்தில் நிற்பவள் எங்களில் யாருடைய கொள்ளுப்பாட்டியாகவும் இருக்கலாம்.

ஹட்டன் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு பெயர் தெரிந்திருக்கும்: ஜூலியா மார்கரெட் கமரன். 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். இங்கிலாந்தில் டார்வினை, டெனிசனை, ஹேர்ஷலைப் படம் எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில்தான் இருவரையும் அடக்கம் செய்திருக்கிறது. களுத்துறையில் இருந்தபோது அவர் எடுத்த உள்ளூர் மக்களின் படங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பார்த்தால் விட்டு நகர முடியாத முகங்கள். டார்வினின் படம் டார்வின்தான். இங்கே எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் 'இளம் பெண், சிலோன்', 'களுத்துறை விவசாயிகள்' மாதிரித் தலைப்புகள்தான்.

எங்களில் ஒருத்திக்கு ஒரு சட்டக்கல்லூரி அக்கா இருக்கிறார். பூங்காவில் உட்கார்ந்து அவரோடு போனில் பேசும்போது ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னார். எங்கள் சண்டைக்கே அது வேறு திசை காட்டியது.

விக்டோரியாவும் அல்பேர்ட்டும் கல்யாணமான 1840இலிருந்தே செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கப் பழகினார்கள். பிள்ளைகள், நாய்கள், நண்பர்கள் என்று வீட்டுக்குள் பார்க்க மட்டும் செய்த படங்கள். அச்சடிக்கக் கொடுத்த வின்ட்சர் அச்சகத்தில் ஒரு வேலையாள் திருட்டுத்தனமாகக் கூடுதல் பிரதிகள் எடுத்துவிட்டார். அவை கைமாறி வில்லியம் ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளர் வரைக்கும் போயின. அவர் கண்காட்சி வைத்து, படங்களை விவரித்து ஒரு பட்டியல் புத்தகமும் விற்கத் திட்டம் போட்டார். அல்பேர்ட் நீதிமன்றத்துக்குப் போனார். 1849இல் தீர்ப்பு வந்தது: படத்தைக் காட்டவும் கூடாது, பட்டியலை விற்கவும் கூடாது. ஒருவர் தனக்காக வைத்திருப்பதை எப்போது, யாருக்குக் காட்டுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1890இல் அமெரிக்காவில் வாரனும் பிராண்டைஸும் தனியுரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வழக்கில் சாய்ந்துதான் நிற்கிறது. இன்றைக்கு நாங்கள் 'பிரைவசி' என்று வாய் கிழியப் பேசுவதற்கு, ராணி செதுக்கிய நாய்ப்படங்களும் ஒரு காரணம்.

ராணியின் கலை எங்கே போனது என்று கேட்டோமே. எங்கள் கணக்கில் அவர் படங்களைவிடப் பெரிய சொத்து இரண்டு: படத்தில் இருப்பவருக்குப் பெயர் உண்டு என்ற பழக்கம் ஒன்று. படத்தின் மேல் அதற்கு உரியவருக்கு அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பு இன்னொன்று. இரண்டும் பெல்மோரலிலும் ஒஸ்போர்னிலும் வின்ட்சரிலும் நன்றாக வேலை செய்தன. அவர் பெயரால் ஆண்ட மலைக்கு இரண்டும் வந்து சேரவில்லை.

மறுநாள் நானுஓயா, லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போனோம். பெல்மோரல் பேர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒரு செல்ஃபி. "ராணி வீட்டுக்கு வந்துட்டோம் மச்சான்" என்று குரூப்பில் போட்டோம். அங்கிருந்து எங்கள் நண்பனின் வீட்டுக்கு. அது வேறொரு தோட்டம், பெயர் வேண்டாம். லயத்தில் நடுக்காம்பரா. அவனுடைய அம்மாயி 40 வருஷத்துக்கு மேலே கொழுந்து எடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். நாங்கள் கண்காட்சி பற்றிச் சொன்னோம்.

அம்மாயியின் படம் ஒன்று எங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. நண்பன் போன வருஷம் எடுத்தது. இடுப்பில் படங்கு இல்லை, தலையில் கூடை இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து வெத்தலை மடிக்கிற படம். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். பல வருஷத்துக்கு முந்தி ரோட்டோர மலையில் கொழுந்து எடுக்கும்போது யாரோ வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்திப் படம் எடுத்தார்களாம். சிரிக்கச் சொன்னார்களாம். "நாங்களும் சிரிச்சோம். அட்டை கடிச்சு ரெத்தம் ஓடுது, அதோட சிரிச்சோம். அந்தப் படம் எந்த ஊர்ல கெடக்கோ."

பெயர் போடலாமா என்று கேட்டோம். எங்களில் இரண்டு பேர் வேண்டாம் என்ற கட்சி. பெயர் போட்டால் தோட்டத்தில் ஏதும் பிரச்சினை வருமோ, தெரியாதவர்கள் தேடி வருவார்களோ என்ற பயம். மூன்று பேர் போடத்தான் வேண்டும் என்ற கட்சி. தபாலட்டைக்காரன் செய்ததையே நாங்களும் செய்வதா என்ற கோபம். இரண்டு கட்சியும் யோசிக்காத ஒன்றை அம்மாயி கேட்டார்.

"எந்தப் பேரு?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். செக்ரோலில் ஒரு பெயர். பேர் பதியும்போது கிளாக்கர் ஐயா காதில் விழுந்த மாதிரி எழுதியது. அடையாள அட்டையில் இன்னொன்று. சிங்களத்தில் எழுதி, அதைத் திரும்பத் தமிழாக்கும்போது கடைசி எழுத்து காணாமல் போனது. கோவிலில் வைத்த பெயர் வேறு. லயத்தில் எல்லாரும் கூப்பிடுவது வேறு. "பிரட்டுக்களத்துல ஒரு பேருக்கு ஏஞ்சாமின்னு நிப்பேன். அது என் பேரு இல்லன்னு எனக்குத் தெரியும், கங்காணிக்கும் தெரியும். சம்பளம் அந்தப் பேருக்குத்தானே வருது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1948ஆம் வருஷப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எங்கே பிறந்தார்கள் என்று தாளில் காட்டச் சொன்ன சட்டம் அது. எங்கள் வீட்டுத் தாள்களில் ஓர் எழுத்து மாறினால் ஒரு தலைமுறையின் அலைச்சல். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை 2003 சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. அம்மாயி கேட்ட கேள்விக்குப் பின்னால் அவ்வளவும் இருந்தது. ராணியின் அடிக்குறிப்பில் வரும் குதிரைக்காரருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. அதை ராணி தெரிந்து வைத்திருந்தார். எங்கள் அம்மாயிக்கு நாலு பெயர், அதில் மூன்று கேட்காமல் வைத்தது.

"நீங்களே சொல்லுங்க அம்மாயி, எதப் போட?" என்றான் பேரன்.

உடனே சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். லயத்தில் கூப்பிடுகிற பெயரைப் போடச் சொன்னார். கீழே தோட்டத்தின் பெயர் வேண்டாம் என்றார். "நான் தோட்டத்துல வேல செஞ்சேன். தோட்டம் என் பேரு இல்ல." பிறகு இன்னொரு நிபந்தனை: "படத்த எங்க மாட்டுறீங்களோ அங்க பேரையும் மாட்டுங்க. வந்து பாக்குறவங்க பாக்கட்டும். போனுல மட்டும் போடாதீங்க. அது எங்க போகும்னு ஒங்களுக்கே தெரியாது."

வில்லியம் ஸ்ட்ரேஞ்சுக்கு 1849இல் நீதிபதி சொன்னதை, வழக்கும் தெரியாமல் சட்டமும் தெரியாமல் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் ஒரு மாசமாகப் போட்ட சண்டையில் இரண்டு கட்சியுமே தோற்றுப்போனது. போடுவதா வேண்டாமா என்று நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயமே இல்லை அது. போய்க் கேட்க வேண்டிய விஷயம்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. படமும் இல்லை. கண்காட்சிக்கு 22 படங்கள் தேர்ந்திருக்கிறோம். இதுவரைக்கும் 14 பேரைத் தேடிப்போய்க் கேட்டாயிற்று. ஒருவர் முழுப்பெயர் போடச் சொன்னார். ஒருவர் படத்தையே எடுக்கச் சொல்லிவிட்டார், எடுத்துவிட்டோம். ஒரு அக்கா தன் பெயரோடு மகளின் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார், "அவதான் என்னயப் படிக்க வெச்சா" என்று. இன்னும் 8 பேர் பாக்கி. அதில் இரண்டு பேர் டயகமப் பக்கம், ஒருவர் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த லீவுக்கு அவரையும் தேடிப் போகிறோம். பஸ் காசு சேர்கிறது.